'மாதிரி' என்று சொல்லக் கூடாத அறை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் என் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பறிமுதல் செய்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. 'மாதிரி' என்ற சாதுவான சொல்தான்.

அலமாரியில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இது மஞ்சள் பொடி மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த ரூம்ல இருக்கிறது மொத்தமும் மாதிரி. சாம்பிள். அதனாலதான் இங்க யாரும் 'மாதிரி'ன்னு பேசக் கூடாது. அது மஞ்சளா, இல்லையா? மஞ்சள்னா மஞ்சள்னு சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. மஞ்சள் மாதிரி இருக்கிறது வெளியில எவ்வளவோ இருக்கு. அதுக்கு இங்க இடம் இல்ல."

சரி என்று தலையாட்டினேன். ஒரு சென்னைக்காரனிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டால் அவனுடைய வாக்கியங்கள் பாதியில் நின்றுவிடும் என்பது அன்று மாலைக்குள் புரிந்துவிட்டது. "தலை வலிக்கிற..." என்று ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் "தலை வலிக்குது மேடம்" என்று முடித்தேன். உடனே நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். தமிழும் ஆங்கிலமும் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்ற ஒரே தகுதியில், அடையாறில் ஒரு பழைய மாடிவீட்டில் நடந்துகொண்டிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. பழுதான பழைய ஓவியங்களைச் சரிசெய்து திருப்பி அனுப்பும் இடம் அது. மருத்துவமனை என்றே வைத்துக்கொள்ளலாம். நோயாளிகள் எல்லாரும் சுவரில் மாட்டப்பட்டிருந்தவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

மாடியில் கடைசி அறை மேடத்துடையது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். உள்ளே கட்டைவிரல் உயரக் குப்பிகள். காவி, அவுரி நீலம், அரக்கு, கருவேலம் பிசின், விளாம் பிசின், புளியங்கொட்டைப் பசை, மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை, துணிக்குப் போடும் நீலம், கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு படப்பிடிப்புத் தளத்தின் சுவரிலிருந்து சுரண்டி வந்த பெயின்ட். குப்பிகளுக்குக் கீழே இழுப்பறைகளில் துணி நறுக்குகள், காகிதத் துண்டுகள், மரச் சீவல்கள்.

இவையெல்லாம் எதற்கு என்று நான் கேட்ட அன்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "போலீஸ் ஸ்டேஷன்ல அடையாள அணிவகுப்பு வைப்பாங்க, கேள்விப்பட்டிருக்கீங்களா? படத்துலேர்ந்து ஒரு கடுகளவு எடுத்து மிஷின்ல வெப்போம். மிஷின் ஒரு கோடு போடும், மேல கீழ ஏறி இறங்கி. அந்தக் கோட்டுக்குப் பேர் கிடையாது. பேர் தெரிஞ்ச ஆளுங்கள வரிசையா நிறுத்தி, இவனா அவனான்னு பாத்தாதான் பேர் தெரியும். இவங்கதான் பேர் தெரிஞ்ச ஆளுங்க."

பேர் தெரிந்தவர்கள் என்று அவர் சொன்னது குப்பிகளை. மனிதர்களில் அவருக்கு அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. தெரிந்தபோது, எண்ணுவதற்கு ஒரு கையே அதிகமாக இருந்தது.

ஒவ்வொரு குப்பிக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. என் வேலை அந்த வரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எப்போது, யார் கொடுத்தது என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு, 'அவருக்கு எப்படித் தெரியும்?' இந்தக் கட்டத்தில்தான் ஊரே மாட்டிக்கொள்ளும். 'தன் கையால் அரைத்தார், நான் பக்கத்தில் இருந்தேன்' என்று சிலவற்றுக்கு எழுதியிருக்கும். 'அவருடைய மாமனார் சொன்னாராம், மாமனாரைக் கேட்க முடியவில்லை' என்று சிலவற்றுக்கு. பல வரிகளில் வெறும் 'தெரியாது'. அந்த வரிக்காரர்கள் கீழ்த்தட்டுக்குப் போய்விடுவார்கள். தூக்கி எறியப்பட மாட்டார்கள்.

"தெரியாதுன்னு எழுதறதுக்கு இங்க யாரும் வெட்கப்படறதில்ல" என்பார். இந்த வாக்கியத்தை நான் அப்போதே உள்ளே வாங்கியிருக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று ஒரு கட்டுரையில் சேர்த்துக்கொள்ளக் குறித்துவைத்துக்கொண்டேன். எழுத்தாளர்கள் புத்திமதியைக் கேட்கும் முறை இது.

அவர் இருந்தது தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டாவது மாடி. கீழே தமிழ்நாடே புடவை வாங்கிக்கொண்டிருக்கும். மேலே அவர் ஒருவர். ஒரு சனிக்கிழமை பை தூக்க என்னைக் கூப்பிட்டார். குங்குமம் வாங்கப் போனோம். ஒரு கடையில் வாங்கிவிட்டால் அது குங்குமம் வாங்குவது. நாங்கள் பதினொரு கடை ஏறினோம். ஒவ்வொரு கடையிலும் அவருடைய கேள்விகள் அதே வரிசையில் வரும்.

"இது யார் பண்றாங்க? எதுலேர்ந்து பண்றாங்க? எந்த மாசம் வந்த சரக்கு?"

ஆறாவது கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், ரெய்டா? மொதலாளி சாப்பிடப் போயிருக்காரு மேடம்."

"ரெய்டு இல்ல. எனக்கு விவரம் வேணும்."

"சாமிக்கு வெக்கத்தானே மேடம்? நல்ல சரக்குதான். சாமியே ஒண்ணும் கேக்காது."

"சாமி படத்து மேல ஏற்கெனவே வெச்சிருக்காங்க. நூறு வருஷமா. அதுல எது எதுன்னு பாக்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். 'நீயாவது சொல்லேன்ப்பா' என்ற பார்வை. நான் பையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவர் ஒரு பொட்டலத்தைச் சும்மாவே கொடுத்து எங்களைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். படியில் நின்று மேடம் குறிப்பேட்டில் எழுதினார்: 'கொடுத்தவர் பயந்திருந்தார். சொன்னதை நம்ப முடியாது.'

ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைத்தவர் ரோசி அக்கா, பட்டினப்பாக்கத்துக்காரர். மேடத்தோடு இருபது வருஷமாகச் சண்டை போடும் உரிமை அவருக்கு மட்டும் இருந்தது. முக்கியமான சண்டை, மேடம் விடைபெறும் முறை பற்றியது. எல்லாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக் கிளம்பும்போது, இவர் 'போறேன்' என்பார்.

"இன்னா மேடம் இது? நல்லா கீது போங்க! போறேன் போறேன்னு சொல்லிக்கினு படி எறங்குறீங்க. கேக்கவே திக்குங்குது. வரேன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குதா?"

"நாளைக்கு வருவேனான்னு எனக்கு எப்படித் தெரியும் ரோசி?"

"யாருக்குத் தெரியும்? எங்கூட்டுக்காரரு கட்டுமரத்துல போவசொல்ல வரேன்னுதான் சொல்லுவாரு. கடலு என்னா, எழுதியா குடுத்துது?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "அவர் சொல்லலாம். உன்கிட்ட சொல்றார். நீ காத்துக்கிட்டு இருப்பே."

ரோசி அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மேடம் சொன்னதில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. ஒரு தகவல்போலத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

கல்யாணப் பேச்சு ஒன்று வந்ததாம், அந்தக் காலத்தில். இது ரோசி அக்கா சொன்னது. மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார்களாம். இவர் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எப்ப எடுத்தது, பின்னாடி தேதி இல்லையே என்று கேட்டிருக்கிறார். ஐந்து வருஷம் பழையது என்று தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இடையில் முன்தலையில் முடி போயிருந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது. "முடி போனதுக்கு இல்ல சார்," என்றார் ரோசி அக்கா. "தேதி போடாததுக்கு."

இதை மேடத்திடமே ஒருநாள் உறுதிசெய்துகொள்ளக் கேட்டேன். ஐந்தாவது கட்டம் எனக்கும் பழகியிருந்தது. "ரெண்டு வருஷப் பழசு" என்று திருத்தினார். வேறு எதையும் மறுக்கவில்லை.

உண்மையைச் சொல்பவர்களுக்குக் கூட்டம் சேரும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்த அறைக்கு வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வரவில்லை. மயிலாப்பூர்க்காரர் ஒருவர், தன் கொள்ளுத்தாத்தா காலத்து கிருஷ்ணர் படம் என்று வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். கிருஷ்ணரின் வெண்ணெயில் ஒரு கடுகளவு எடுத்து மிஷினில் வைத்தார்கள். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை, புதிய காலத்தது.

"இருநூறு வருஷம் மாதிரின்னு ஒரு லெட்டர் போட்டுக் குடுத்துடுங்கோ. ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிண்டு இருக்கேன்" என்றார் அவர்.

"மாதிரின்னு நாங்க எழுதறதில்ல."

"உங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போறது?"

மேடம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம்" என்றார்.

மயிலாப்பூர்க்காரர் கிருஷ்ணரை மறுபடி வேட்டியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். மேடத்துக்கு அதில் வெற்றியெல்லாம் இல்லை. 'பாவம், படம் நல்லாத்தான் இருந்தது' என்று சாயங்காலம் தனக்குள் சொல்லிக்கொண்டதைக் கேட்டேன்.

மாதிரி அறையில் சாப்பிடக் கூடாது. ஒரு பருக்கை விழுந்தாலும் குப்பிகளுக்கு ஆகாது. கீழே எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போது, அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அங்கே தகரக் கொட்டகை நிழலில் ஒரு ஸ்டூல். எதிரே, வெயிலில், கண்ணாடி மூடியிட்ட ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு பலகை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு சாண் அகலம். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, பதினாறு நிறப் பட்டைகள் பூசியிருந்தார். பலகையின் இடது பாதி ஒரு கறுப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கும். வலது பாதி வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இருபத்தைந்து வயதில், அவர் வைத்த பலகை அது. நான் பார்த்தபோது அதற்கு இருபத்தாறு வயது. எந்த நிறம் எத்தனை வருஷத்தில் எவ்வளவு வெளுக்கும் என்று, தகட்டைத் தூக்கி இரண்டு பாதியையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஓர் ஓவியத்தை எவ்வளவு நாள் வெளிச்சத்தில் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், பதில் அந்தப் பலகையில் இருந்தது.

"குப்பியெல்லாம் கேட்டு வாங்கினது. இதுதான் நான் பண்ணது" என்று ஒருமுறை சொன்னார். "எது வேணா தி. நகர்ல கிடைக்கும். இருபத்தாறு வருஷ வெயில் எந்தக் கடையிலயும் கிடைக்காது."

தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். பலகையும் அவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யவில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஐப்பசியில், பித்தப்பையில் கல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு வாரம் லீவு. இருபத்தொன்பது வருஷத்தில் முதல் நீண்ட லீவு. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "பெரிய மழைன்னா பெட்டியை உள்ள எடுத்து வைங்க. மழை விட்டதும் வெளிய வைங்க. எடுத்த நாள், வெச்ச நாள் எழுதிக்குங்க."

மழை வந்தது. சென்னையில் மழை எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோசி அக்காவும் நானும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினோம். தகடு சறுக்கிக் கீழே விழுந்தது. மழை விட்ட ஒரு நாளில் பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்து, தகட்டைப் பொருத்தினேன். பொருத்தும்போது பார்த்தேன், பலகையில் ஒரு பாதி பளிச்சென்று இருக்கிறது, ஒரு பாதி வெளுத்துக் கிடக்கிறது. வெளுத்துப்போனதைத்தானே மூடிக் காப்பாற்ற வேண்டும்? இரக்கத்தோடு அதை மூடினேன். இருபத்தொன்பது வருஷம் இருட்டில் பாதுகாத்த பாதியை வெயிலில் விட்டேன். என் வாழ்க்கையில் நான் யோசித்துச் செய்த காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

தேதி எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

லீவு முடிந்து வந்த அன்று அவர் நேராக மொட்டைமாடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். தகட்டைத் தூக்கினார். அப்படியே நின்றார். இடது பாதியில் எல்லா நிறங்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மஞ்சள் பட்டை மட்டும் பாதி போயிருந்தது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.

"மாத்தி மூடியிருக்கீங்க."

"ஆமா மேடம். தப்பு என்னோடதுதான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. குறிப்பேட்டைத் திறந்தார்.

"தப்புன்னா பரவாயில்ல. தெரிஞ்ச தப்பா இருந்தா போதும், எழுதிக்கலாம். எத்தனை நாள் இப்படி இருந்தது?"

எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக இருக்கலாம், நாலு வாரமாக இருக்கலாம். ஆனால் நான் நகைச்சுவை எழுதிப் பழகியவன். எங்கள் தொழிலில் எண் முக்கியம். 'அவன் நிறைய இட்லி தின்றான்' என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'பதினேழு இட்லி தின்றான்' என்றால் பக்கத்தில் இருந்து எண்ணியவன்போல நம்புவார்கள். ரவுண்டாக இருந்தால் பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பத்து என்று சொல்லக் கூடாது.

"ஒன்பது நாள் மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒன்பது நாளா? ஒன்பது நாள் மாதிரியா?"

அந்தச் சொல்லை அவரே உச்சரித்து அன்றுதான் கேட்டேன். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து உள்ளே போயிருக்கலாம்.

"ஒன்பது நாள்தான்."

எழுதினார். சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். 'அவருக்கு எப்படித் தெரியும்?' என்ற இடத்தில், 'அவரே வைத்தார்' என்று எழுதினார். பிறகு, எதிர்பாராமல், சிரித்தார்.

"உங்களால ஒரு நல்லது நடந்திருக்கு. கார்த்திகை மாச வெளிச்சத்துல மஞ்சள் ஒன்பது நாளைக்கு எவ்வளவு போகும்னு நம்மகிட்ட இல்லவே இல்ல. இப்ப இருக்கு."

அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். பாராட்டுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல இன்னும் பெரிய ஆள் வேண்டும். நான் இருந்த அளவு உங்களுக்கே தெரியும்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'ஒன்பது நாள்' வேலைக்குப் போக ஆரம்பித்தது. மஞ்சள் சாயமிட்ட பழைய துணி ஒன்றையும், மஞ்சள் பூசிய இரண்டு ஓவியங்களையும் கண்காட்சியில் எத்தனை நாள் வைக்கலாம் என்று மூன்று பேர் கேட்டார்கள். மேடம் பலகையின் அந்த மூலையைப் பார்த்துக் கணக்கிட்டு மூன்று அறிக்கை எழுதினார். தட்டச்சு செய்தது நான். என் பொய்யை நானே எழுத்துப்பிழை இல்லாமல் மூன்று முறை அடித்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் நம்பப்பட்ட எழுத்து அதுதான்.

நாலு வருஷம் கழித்து அவர் ஓய்வுபெறும் நேரம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் அவருடைய அறையை எடுத்துக்கொண்டு புது மிஷின் வைக்க முடிவுசெய்தார்கள். குப்பிகளையும் பலகையையும் வடக்கே ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை. பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும், 'இதில் உள்ளவை நான் அறிந்தவரை உண்மை' என்று அவர் கையெழுத்திட வேண்டும்.

மூன்று நாள் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போட்டார். நான் பக்கத்தில் நின்று தாள்களைப் புரட்டிக்கொடுத்தேன். பலகையின் பக்கத்தை எடுத்து எடுத்து அடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் மதியம் அடியில் வைப்பதற்கு வேறு தாள் இல்லை.

அவர் படித்து முடித்து, கையெழுத்திடப் பேனா முனையைத் தாளில் ஊன்றிவிட்டார்.

"மேடம், ஒன்பது நாள் இல்ல."

பேனா நின்றது.

"எத்தனை நாள்?"

"தெரியாது. அன்னிக்கும் தெரியாது. சும்மா சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரோசி அக்கா வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"தெரியாதுன்னு எழுத இடம் இருந்ததே" என்றார் கடைசியில். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அந்தக் கட்டத்த நான் எதுக்கு வெச்சிருந்தேன்?"

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் தேதி போட்டார். பிறகு மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்தார். அறிக்கை வாங்கிய மூன்று பேருக்கும் கடிதம்: நாங்கள் தந்த அறிக்கைக்கு ஆதாரமாக இருந்த ஓர் எண் தவறு, அதை நம்ப வேண்டாம், பொறுப்பு என்னுடையது.

விஷயம் தெரிந்து ஆய்வுக்கூட டைரக்டர் மாடிக்கு ஓடிவந்தார். "ரிட்டையர் ஆகப் போற நேரத்துல எதுக்கு மேடம் இதெல்லாம்? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

"தட்டச்சு செஞ்சவர் தப்புன்னு ஒரு வரி போட்டுடுங்க. அவரும் ஒத்துக்கறாரே."

நான் வேகமாகத் தலையாட்டினேன். ஜென்மத்தில் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதில்லை.

"சொன்னது அவர். நம்பினது நான்" என்றார் மேடம். "கையெழுத்து என்னோடது."

மூன்று கடிதத்தில் ஒன்றுக்கு வக்கீலிடமிருந்து பதில் வந்தது. ஒன்றுக்கு, 'உங்கள் சேவையில் தற்போது எங்களுக்கு ஆர்வமில்லை' என்று வந்தது, விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாமவர் பதிலே போடவில்லை. பிரிவுபசார விழா நடந்தது. டைரக்டர் பேச்சை மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். சால்வை போர்த்தினார்கள். மேடம் அதன் நூலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பருத்தி இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

குப்பிகள் வடக்கே போயின. பலகை போகவில்லை. திருத்தி எழுதி அனுப்பலாமே என்று நானும் சொல்லிப்பார்த்தேன், நிறுவனமும் கேட்டது. மறுத்துவிட்டார். "அதுலேர்ந்து ஒரு தப்பு வெளிய போயிருக்கு. இனிமே அது யாருக்கும் சாட்சி சொல்லக் கூடாது."

கடைசி நாள் மாலை பலகையை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் அது. சைதாப்பேட்டை தாண்டி தி. நகர் வரும்வரை மூவரும் பேசவில்லை. சந்து முனையில் இறங்கி, புடவைப் பைகளுக்கு நடுவே பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு கடைக்காரப் பையன், "சார், என்னா போர்டு சார் அது, புதுக் கடையா?" என்றான்.

அவருடைய வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறையாகப் போனேன். ஒரு நாற்காலி. ஒரு மேசை. ஒரு தட்டு, கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்களுடைய படங்களைப் பார்த்தவரின் சுவரில் ஒரு படம்கூட இல்லை, ஒரு காலண்டர்கூட இல்லை.

"மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல ஒரு ஆணி அடிங்க" என்றார்.

அடித்தேன். இரண்டு முறை விரலில், ஒரு முறை ஆணியில். பலகையை மாட்டினேன். தகட்டை எடுத்து இடது பாதியில் பொருத்தப் போனேன். இந்த முறை சரியான பாதிதான், இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

"அது வேண்டாம்" என்றார்.

"முழுசும் வெளுத்துடுமே மேடம்."

"வெளுக்கட்டும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல அதுக்கு."

ஜன்னல் திரையை ஒதுக்கினார். சாயங்கால வெயில் நேராக வந்து பலகை முழுக்க விழுந்தது. இருட்டிலேயே இருந்த பாதியில் அரக்குச் சிவப்பும் அவுரியும் அப்படி ஒரு நிறத்தில் இருந்தன. அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரோ என்று பயந்து மூடிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். சுத்தியலைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். படியிறங்கும் வரை கேட்கவில்லை, அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு போன்கூடப் போட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.